ஹோரியின் தோல்வியும் வெற்றி நூல்களின் போதனையும்

1936ஆம் ஆண்டிலே இரு நூல்கள் வெளிவந்தன. ஒன்று, பிரேம்சந்தின் 'கோதான்' என்னும் ஹிந்தி நாவல். மற்றையது, பிறரைத் தன்வசப்படுத்தும் வழிகளைக் கூறி அமெரிக்காவிலே டேல் கார்னெகி எழுதிய நூல். இந்திய ஆசிரியர் பலர் இன்று எழுதிக் குவிக்கும் ஊக்க நூல்கள் பின்னையதன் வழிவந்தவையே. ஷிவ் கேராவின் 'யூ கேன் வின்' (1998) இவ்வகையிற் பிரசித்தமானது. 'ஜீத் ஆப்கீ' என அது ஹிந்தியிலும் வழங்குகின்றது. இத்தகைய நூல்களையும் இலக்கியத்தின் பாற்படுத்திப் பேசுவோர் உளர். அஃது ஏற்கத்தக்கதன்று.

வெற்றியும் தோல்வியும் தனிமனிதனின் மனப்பாங்கிலேயே பெரிதும் தங்கியுள்ளன என்பது இந்நூல்களின் அடிப்படை. 'கோதான்' நாவலின் நாயகனாகிய ஹோரியிடம் இதனைச் சோதித்தல் தகும்.

ஹோரி சோம்பேறியல்லன். நாவல் தொடங்கும்போதே ஜமீந்தாரைக் கண்டுவரப் புறப்படுகின்றான். மனைவி தனியா அதனை விரும்பவில்லை. மேலோரின் தயவைப் பேணினாற்றான் பிழைக்கலாம் என்பது அவன் கட்சி. கார்னெகியைப் படியாமலே அவர் வித்தையைக் கற்றவன்! இலட்சியமும் அவனுக்குண்டு: வாசலிலே ஒரு பசு நிற்கவேண்டும். பசு வருகின்றது, பொறாமை கொண்ட தம்பி ஹீரா நஞ்சூட்டிக் கொல்கின்றான். மகன் ஒரு விதவையை விரும்பியதற்காகப் பஞ்சாயத்து ஹோரிக்குத் தண்டம் விதிக்கின்றது. கரும்பு விற்ற பணத்தை ஆலையடியிலேயே கடன் கொடுத்தோர் பறிக்கின்றனர். நிலத்தைக் காக்கும்பொருட்டு, இளைய மகள் ரூபாவை வயதில் மிக மூத்த ஒருவனுக்குப் பணம் பெற்று மணமுடித்துக் கொடுக்கின்றான். ஈற்றில் வெயிலிலே கூலிக்குச் சரளைக்கல் தோண்டி மாய்கின்றான். இறப்போன் பிராமணனுக்குப் பசுவைத் தானமளித்தல் வழக்கம். பசுவுமில்லை, பணமுமில்லை; கயிறு விற்றுப் பெற்ற இருபது அணாவையே தனியா தானமாக்குகின்றாள். எதிரே நிற்கும் பிராமணனான தாதாதீன், ஹோரிக்கு வட்டிக்குக் கடன் கொடுத்தவர்களுள் ஒருவன்.

இம்மனிதனிடம் சென்று, உன் மனப்பாங்கே உன்னை வீழ்த்திற்று என்று கூறுதல் ஊக்கமாகுமா? பழி வட்டிக்காரனிடமிருந்து நழுவிக் கடன்பட்டவன் தலையில் விழுகின்றது. ஜமீந்தாரும் ஆலை முதலாளியும் கண்ணிற் படாமலே மறைந்துவிடுகின்றனர்.

பரீட்சைக்கு அஞ்சும் ஒரு மாணவனுக்கு இந்நூல்கள் ஓரிரவு தைரியம் தரலாம்; அதனை மறுப்பதற்கில்லை. ஆயின் பிரேம்சந்த் அவநம்பிக்கையையே விதைத்தார் என்னும் வாதம் அவரை முழுமையாகப் படியாதோர் கூற்று. மனமாற்றத்தால் யாவும் சீர்ப்படும் என அவரும் ஒருகால் நம்பியவரே. 'பிரேமாஷ்ரம்' (1922) நாவலிலே ஜமீந்தார் குடும்பத்து இளைஞன் தன் நிலவுரிமையைத் துறக்கின்றான். பதினான்கு ஆண்டுகளின் பின் வந்த 'கோதான்' நாவலில் அத்தகைய விடிவு எதுவுமில்லை. அந்த 1936இலேயே லக்னோவில் நடைபெற்ற முற்போக்கு எழுத்தாளர் மாநாட்டுத் தலைமையுரையில், அழகின் அளவுகோலையே மாற்றவேண்டுமென அவர் வற்புறுத்தினார். நம்பிக்கையிழந்தவன் பேசும் பேச்சா அது?

சுதந்திரத்தின் பின் நிலைமை மாறிற்று என்பாரும் உளர். அவர்கள் ஸ்ரீலால் சுக்லாவின் 'ராக் தர்பாரி' (1968) நாவலைப் படித்தல் வேண்டும். பட்டப்படிப்பை முடித்த ரங்கநாத், உடல் தேறச் சிவபால்கஞ்ச் என்னும் கிராமத்துக்கு வருகின்றான். அங்குக் கல்லூரியும் கூட்டுறவுச் சங்கமும் வைத்யஜி ஒருவரின் பிடியிலேயே உள்ளன. நாவலிலே ஒருவன் உயர்வதும் உண்மையே: அவருக்குப் பாங்கு அரைத்துக் கொடுக்கும் சனீசர் கிராமத் தலைவனாகின்றான். வென்றோர் கதைகளைத் தேடித் தேடித் தொகுப்போர் சனீசரின் வெற்றியை மட்டும் ஏன் தம் நூல்களிற் சேர்ப்பதில்லை?