இருப்புப்பாதைத் தொழிலாளியின் கிளப் யார் கைக்குப் போயிற்று?

2025 பிப்ரவரி 9-ம் தேதி துருக்கியின் இஸ்தான்புல் நகரில் ஒரு கால்பந்துப் போட்டி. ஒரு பக்கம் கலத்தசராய். அந்த நாட்டிலேயே பணமும் செல்வாக்கும் மிகுந்த கிளப்களில் ஒன்று. மறுபக்கம் தெற்கே அதானா நகரத்திலிருந்து வந்த தெமிர்ஸ்போர். ஆட்டம் சூடு பிடிப்பதற்குள்ளேயே நடுவர் கலத்தசராய்க்கு ஒரு பெனால்டி கொடுத்தார். கோல் விழுந்தது. அரை மணி நேரம் ஆனபோது தெமிர்ஸ்போர் ஆட்டக்காரர்கள், நிர்வாகத்தின் உத்தரவுப்படி, மைதானத்தை விட்டே வெளியேறி விட்டார்கள். போட்டி 3-0 என்று கலத்தசராய்க்கு எழுதப்பட்டது. வெளியேறிய கிளப்புக்குப் புள்ளிகள் வெட்டு. அந்தப் பருவத்தின் முடிவில் அது பட்டியலின் கடைசியில் கிடந்து, முதல்நிலை லீகை விட்டு இறங்கிப் போயிற்று.

பெனால்டி நியாயமா, அநியாயமா என்று வாதாட துருக்கியில் ஆயிரம் பேர் உண்டு. எனக்கு அந்த வழக்கில் அக்கறை இல்லை. ஆட்டக்காரர்களை நடுவழியில் வெளியே கூப்பிட உத்தரவு போட்டார்களே, அந்த அதிகாரம் அவர்களுக்கு எங்கிருந்து வந்தது? இந்தக் கிளப் யாருடைய சொத்து? இதைத்தான் நான் கேட்கிறேன்.

தெமிர் என்றால் துருக்கி மொழியில் இரும்பு. தெமிர்யொலு என்றால் இரும்புப் பாதை. நாம் தமிழில் இருப்புப்பாதை என்று சொல்வதைப் போலவேதான் அவர்களும் சொல்கிறார்கள். தெமிர்ஸ்போர் என்பது ரயில்வேக்காரர்களின் விளையாட்டுக் கிளப். 1940-ம் ஆண்டில் அதானா ரயில்வே ஊழியர்கள் அதை ஆரம்பித்தார்கள்.

அந்த ஊரின் ரயில் பாதைக்கே ஒரு சரித்திரம் உண்டு. மெர்சின் துறைமுகத்திலிருந்து அதானாவுக்கு 1886-ல் பாதை திறக்கப்பட்டது. போட்டவர்கள் பிரிட்டிஷ், பிரெஞ்சு முதலாளிகள். அதானா சமவெளி முழுவதும் பருத்தி. பருத்தியைக் கப்பலுக்குக் கொண்டுபோகத்தான் பாதை. பிறகு ஜெர்மன் பாங்கு முதலாளிகள் பாக்தாத் ரயில்பாதையை அதே வழியாகக் கொண்டு போனார்கள். மலையைக் குடைந்து சுரங்கம் போட வேண்டியிருந்தது. 1916-ல் இராக்கிலுள்ள கூட் என்ற இடத்தில் துருக்கிப் படையிடம் சரணடைந்த பிரிட்டிஷ் சைன்யத்தில் பெரும் பகுதியினர் இந்தியச் சிப்பாய்கள். அந்தக் கைதிகளையும் இந்தப் பாக்தாத் பாதையின் வேலையில் போட்டார்கள். பட்டினியிலும் நோயிலும் மாண்டவர்கள் ஏராளம். பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்துக்காகச் சண்டை போடப் போன நம் நாட்டு ஏழை விவசாயி மகன், ஜெர்மன் பாங்கின் பாதைக்குக் கல் சுமந்து செத்தான். கால்பந்துக் கதையில் இது எதற்கு என்று தோழர்கள் கேட்கலாம். அந்தப் பாதை எத்தனை பேர் எலும்பின் மேல் போடப்பட்டது என்பதைச் சொல்லாமல், அதில் வேலை செய்தவர்களின் கிளப்பைப் பற்றிப் பேச எனக்கு மனம் வரவில்லை.

1923-ல் துருக்கி குடியரசாயிற்று. 1920-களின் கடைசியிலிருந்து அந்நியக் கம்பெனிகளின் பாதைகளை சர்க்கார் விலைக்கு வாங்கியது. 1938-ல் ஒரு சட்டம் வந்தது. ஐந்நூறு பேருக்கு மேல் வேலை செய்யும் ஸ்தாபனங்கள் தங்கள் ஊழியர்களுக்கு விளையாட்டு மைதானமும் மற்ற வசதிகளும் செய்து தர வேண்டும் என்றது அந்தச் சட்டம். இதைச் சர்க்காரின் கருணை என்று நான் சொல்ல மாட்டேன். யுத்த மேகம் திரண்டிருந்த காலம் அது. பட்டாளத்துக்கும் தொழிற்சாலைக்கும் திடமான உடல்கள் தேவைப்பட்டன. காரணம் எதுவாயினும், கதவு திறந்தது. தொழிலாளி உள்ளே போனான். எஸ்கிஷெஹிர் ரயில்வேக்காரர்களின் தெமிர்ஸ்போர் 1940-ல் தேசியச் சாம்பியன் ஆயிற்று. அங்காரா தெமிர்ஸ்போர் 1947-ல் ஆயிற்று. அதானாக்காரர்கள் 1954-ல் அகில துருக்கி அமெச்சூர் பட்டத்தைப் பிடித்தார்கள். பந்து மட்டுமல்ல, தண்ணீரில் ஆடும் வாட்டர் போலோவிலும் அவர்களே பல்லாண்டு சாம்பியன். இஸ்தான்புல் கடற்கரைக் கிளப்களைப் பருத்திக் காட்டு ஊர்க்காரர்கள் தண்ணீரில் தோற்கடித்தார்கள் என்பதை நினைத்தால் எனக்குச் சிரிப்பு வருகிறது.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். 1950-க்குப் பிறகு துருக்கி ஆட்சியாளர்கள் அமெரிக்க உதவியின் பேரில் ரயிலைக் கைவிட்டு, சாலையையும் லாரியையும் பிடித்துக்கொண்டார்கள். அதே காலத்தில் அதானாவின் பக்கத்திலேயே இன்ஜிர்லிக்கில் அமெரிக்க விமானதளம் எழுந்தது. ரயில்வேயின் மதிப்பு இறங்க இறங்க, ரயில்வேக் கிளப்பைத் தாங்கிய கையும் தளர்ந்தது. 1980 செப்டம்பர் 12-ல் ராணுவம் ஆட்சியைப் பிடித்துத் தொழிற்சங்கங்களை நசுக்கியதைச் சொல்லவே வேண்டாம்.

அப்படியும் அந்தக் கிளப் என்ன குறைந்துவிட்டது? 1960-61-ல் முதல்நிலை லீகில் ஆடியது. 1973-ல் மறுபடி ஏறிப் பத்தாண்டுக்கு மேல் அங்கேயே நின்றது. 1978-ல் துருக்கிக் கோப்பையின் இறுதிப் போட்டி வரை போய் டிராப்சோன்ஸ்போரிடம் தோற்றது. ஃபாதி தெரிம் என்ற அதானா வாலிபர் இந்தக் கிளப்பில்தான் ஆடத் தொடங்கினார். 1974-ல் கலத்தசராய்க்குப் போனார். 2000-ம் ஆண்டில் அந்தக் கிளப்பின் பயிற்சியாளராக ஐரோப்பாவின் யூஇஎஃப்ஏ கோப்பையை வென்றார். அப்படிப்பட்ட ஆட்களை வளர்த்துப் பணக்காரக் கிளப்களுக்குக் கொடுத்துவிட்டு, வெறுங்கையோடு நிற்பது சிறு கிளப்களின் விதி. 1995-ல் தெமிர்ஸ்போர் முதல்நிலையை இழந்தது. பிறகு மூன்றாம் நிலை வரை சரிந்தது.

செங்கொடியும் கணக்குப் புத்தகமும்

இந்தச் சரிவுக் காலத்திலும் ஜனங்கள் கிளப்பைக் கைவிடவில்லை. நீல மின்னல்கள் என்று தங்களை அழைத்துக்கொள்ளும் அந்த ரசிகர்கள் சே குவேராவின் படத்தை மாடத்தில் தூக்கிப் பிடிப்பார்கள். 2009 செப்டம்பரில் இத்தாலியின் லிவோர்னோ கிளப்பை அழைத்து நட்புப் போட்டி நடத்தினார்கள். லிவோர்னோ, 1921-ல் இத்தாலியக் கம்யூனிஸ்ட் கட்சி பிறந்த ஊர். அதன் ரசிகர்களும் செங்கொடிக்காரர்கள். அந்தப் போட்டியின் படத்தை ஒரு தோழர் என்னிடம் காட்டி, "பாருங்கள், இதல்லவா தொழிலாளி கிளப்!" என்று பூரித்துப் போனார். எனக்கும் சந்தோஷந்தான். ஆனால் நான் அவரிடம் ஒரு கேள்வி கேட்டேன்: கொடி ஆடும் மாடத்திலிருந்து யாராவது ஒருவர் கணக்குப் புத்தகம் இருக்கும் அறைக்குள் போனது உண்டா? தோழர் பேச்சை மாற்றிவிட்டார்.

துருக்கிக் கிளப்களில் பெரும்பாலானவை, சட்டப்படி பார்த்தால், உறுப்பினர்களின் சங்கங்கள். தலைவரைப் பொதுச்சபை தேர்ந்தெடுக்கிறது. காகிதத்தில் நம் தொழிற்சங்கத்தைப் போலத்தான் இருக்கிறது. நடப்பது வேறு. கஜானா காலி. சந்தாப் பணம் எந்த மூலைக்கு? பணக்காரர் ஒருவர் வந்து "நான் தலைவன்" என்றால், எதிர்த்து நிற்க யாருக்குத் துணிச்சல் வரும்?

பக்கத்திலேயே பாடம் இருந்தது. அதே ஊரின் மற்றொரு கிளப்பான அதானாஸ்போர், உசான் என்ற கோடீஸ்வரக் குடும்பத்தின் கையில் இருந்தது. 2000-களின் தொடக்கத்தில் அந்தக் குடும்பத்தின் தொழில் சாம்ராஜ்யம் சரிந்தபோது கிளப்பும் கூடவே சரிந்தது. அதைக் கண்ணால் பார்த்த ஊர் அது.

2018-ல் முராத் சஞ்சாக் என்ற தொழிலதிபர் தெமிர்ஸ்போரின் தலைவரானார். 2021-ல் கிளப் 26 ஆண்டுக்குப் பிறகு முதல்நிலைக்கு ஏறியது. இத்தாலியின் பலோத்தெல்லி வந்தார். 2022 மே மாதத்தில் கோஸ்தெபே கிளப்பை 7-0 என்று நொறுக்கிய போட்டியில் அவர் ஒருவரே ஐந்து கோல் போட்டார். 2022-23-ல் நாலாம் இடம். அடுத்த பருவம் ஐரோப்பியப் போட்டியில், பெல்ஜியத்தின் கெங்க் கிளப்பிடம் பெனால்டி உதையில்தான் வெளியேறியது. ஊர் எப்படிக் கொண்டாடியிருக்கும்! பருத்தி ஆலையிலும் பட்டறையிலும் உழைத்துக் களைத்தவனுக்கு அந்தச் சந்தோஷத்தை மறுக்க நான் யார்?

சஞ்சாக் கெட்ட மனிதர் என்று நான் சொல்லவில்லை. அவர் நல்லவரா கெட்டவரா என்பதில் விஷயமே இல்லை. வரவுக்கு மேல் செலவு செய்து, நட்சத்திரங்களை இறக்கி, கிளப்பை மேலே தூக்கினார்கள். பிறகு பில் வந்தது. பாக்கிகள் தீராததால் புதிய ஆட்டக்காரர்களைச் சேர்க்கத் தடை விழுந்தது. புள்ளிகள் வெட்டப்பட்டன. 2025-ல் கீழே விழுந்த பிறகு, அடுத்த பருவத்திலும் கடனுக்கு அபராதமாகப் புள்ளி வெட்டு தொடர்ந்தது. கடனை வாங்கியவர்கள் பெரிய மனிதர்கள். அபராதத்தைச் சுமந்து மைதானத்தில் நின்றவர்கள் உள்ளூர்ப் பையன்கள்.

2022 ஏப்ரலில் துருக்கியில் ஒரு விளையாட்டுச் சட்டம் வந்தது. வரம்பு மீறிக் கடன் வாங்கும் நிர்வாகிகளே அதற்குப் பொறுப்பு என்று அது சொல்கிறது. நல்ல சட்டம் என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் நஷ்டம் வந்த பிறகு வழக்குப் போடுவது வேறு; கடன் வாங்கும்போதே கையைப் பிடிப்பது வேறு. கையைப் பிடிக்கக் கூடியவன் டிக்கெட் வாங்கி வெயிலில் நிற்கிற ரசிகன் ஒருவனே. அவன் சே குவேராவின் படத்தோடு கூட, சங்கத்தின் உறுப்பினர் சீட்டையும் கையில் வைத்திருக்க வேண்டும். சந்தா ஏழைக்கு எட்டும்படி இருக்க வேண்டும். மாதா மாதம் வரவு செலவை மைதானத்து வாசலில் எழுதி ஒட்டச் சொல்ல வேண்டும். 1940-ல் ரயில்வே ஊழியர்கள் ஆரம்பித்த அந்தச் சங்கத்தின் பொதுச்சபை இன்னும் கூடுகிறது. அங்கே போய் முதலில் எழுந்து கேட்க வேண்டிய கேள்வி, பாக்கி எவ்வளவு, யாருக்கு என்பதுதான்.