இசைத்தட்டும் கேணித் தண்ணீரும்

பகல் முழுவதும் வெங்காயத் தோட்டத்துக்கு நீர் இறைத்த கமக்காரர் ஒருவர், மாலையிலே கீரிமலைக் கேணியில் முழுகி எழுந்து, வீட்டு விறாந்தையில் அமர்ந்து தமக்குப் பிடித்த இசைத்தட்டைக் கேட்பாரானால், அதனால் இனத்துக்கு வந்த நட்டம் யாது?

நட்டம் உண்டு என்று வாதிப்போர் எம்மிடையே என்றும் இருந்து வந்துள்ளனர். இனம் இடர்ப்படும் வேளையில் பாட்டு எதற்கு என்பர் ஒரு சாரார். பாட்டாயின் அது தேவாரமாகவோ கீர்த்தனையாகவோ இருக்கட்டும், கிற்றார் அதிரும் றொக் இசை தமிழனுக்கு ஆகாது என்பர் மற்றொரு சாரார்.

பின்னவர்களுக்கு விடை கூறுதல் எளிது. நம் கச்சேரி மேடைகளில் வீற்றிருக்கும் வயலின் மேனாட்டிலிருந்து வந்ததே. 1967 இல் பீற்றில்ஸ் குழுவினர் வெளியிட்ட புகழ்பெற்ற இசைத்தட்டிலோ தில்ருபாவும் தபேலாவும் ஒலித்தன. கீரிமலைக்கு அண்மையிலுள்ள அளவெட்டி, தவில் மேதை தட்சிணாமூர்த்தியின் ஊர். அந்தத் தவிலைக் கேட்டுப் பழகிய செவிக்கு றொக் இசையின் முழக்கமா மிரட்சி தரும்? கிற்றாரைக் கையிலெடுத்து நித்தி கனகரத்தினமும் ஏ. ஈ. மனோகரனும் பொப்பிசை பாடியபோதும் முகஞ் சுளித்தவர்கள் உண்டு. ஆனால் நித்தியின் கள்ளுக்கடைப் பாட்டு, கள்ளுக்கடைக்குப் போகாதே என்று புத்தி சொல்லும் பாட்டு! பாட்டைக் கேட்காமலே தீர்ப்புக் கூறும் வழக்கம் அரசியலில் மட்டும் இருப்பதன்று.

முன்னவர்களின் கூற்றே ஆராயத்தக்கது. 1990 இல் வலிகாமம் வடக்கு மக்கள் ஊரைவிட்டுப் பெயர்ந்தனர். அவ்வாண்டு ஒக்டோபர் 17 ஆம் நாள் நகுலேஸ்வரர் கோயில்மீது விமானக் குண்டுகள் வீழ்ந்தன. குடாநாட்டில் மின்சாரம் அற்றது, பற்றரிகளும் தடைப்பொருள்களாயின. அப்போது எம் மக்கள் செய்ததென்ன? சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, மிதிகட்டையைக் கையாற் சுற்றி, டைனமோ தந்த சிறு மின்னிலே வானொலியையும் கசெற்றையும் இயக்கினர். ஒருவர் சுற்ற மற்றவர் கேட்பர். சுற்றுபவர் கை சோர்ந்தால் பாடுபவரின் குரலும் சோரும். செய்தி அறியவே சுற்றினார்கள் என்று சொல்லிவிடலாம். ஆனால் செய்தி முடிந்த பின்னரும் பாட்டுக்காகச் சுற்றினார்கள். வயிற்றுக்கே போதாத காலத்தில், ஒரு பாட்டுக்காகக் கை நோகச் சுற்றிய மக்களிடமா பாட்டு வீண் பொழுது என்று உபதேசிப்பது? பற்றரியைத் தடுத்தவர்களுக்கு அதன் மதிப்புத் தெரிந்திருந்தது. நம்மவரிற் சிலருக்குத்தான் தெரியவில்லை.

கேணியின் கதையும் இதுவே. மழைநீர் சுண்ணாம்புக் கல்லினூடே ஊறிக் கடலோரத்தில் நன்னீராய்ப் பெருகுகிறது. ஒரு மதிலுக்கு அப்பால் உப்புக் கடல், இப்பால் குளிர்ந்த நன்னீர். ஆடி அமாவாசைக்குப் பிதிர்க்கடன் கழிக்க வருவோர் ஒருபுறமிருக்க, வேறெந்த நோக்கமுமின்றி நீந்தித் திளைத்து, கரையிலிருந்து ஊர்க்கதை பேசி, பசியோடு வீடு திரும்பிய தலைமுறைகள் எத்தனை! பாதுகாப்பு வலயம் என்ற பெயரால் அந்த மாலைகள் ஆண்டுக்கணக்காகப் பறிக்கப்பட்டன. இடம்பெயர்ந்தோர் முகாம்களில் வாடிய காலத்திலே இக்கரையில் ஜனாதிபதிக்கென ஒரு மாளிகை எழுந்தது. கடற்காற்றும் ஓய்வும் மனிதனுக்கு வேண்டியவை என்பதை ஆட்சியாளர் அறியாதவரல்லர். தமக்கு வேண்டியவை என்று அறிந்திருந்தனர்.

காணிகள் கட்டங் கட்டமாக விடுவிக்கப்பட்டு வருகின்றன. இன்னும் தம் வளவுக்குள் கால் வைக்க இயலாத உரிமையாளர் வலிகாமம் வடக்கில் இருக்கின்றனர். அவர்களுக்காகப் பேசுவோர் ஏக்கரையும் பரப்பையும் கூறுகின்றனர், கூறவேண்டியதே. அத்துடன், தன் கிணற்றில் அள்ளிக் குளித்து, தன் விறாந்தையில் தனக்குப் பிடித்த பாட்டைத் தான் விரும்பிய அளவுக்கு உரக்க வைத்துக் கேட்கும் உரிமையையும் கோரிக்கையிற் சேர்க்குமாறு எம் பிரதிநிதிகளைக் கேட்டுக்கொள்கிறோம். பாட்டு எதுவாக இருக்கவேண்டும் என்பதை வீட்டுக்காரர் பார்த்துக்கொள்வார்.