குந்தியின் கண்ணீர் யாருக்காக?

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. வேதியியல்)

பத்து மாதம் சுமந்து பெற்றவள் பிள்ளைக்குத் தீங்கு செய்வாளா? இந்தக் கேள்வியைப் பட்டிமன்ற மேடையில் எழுப்பிப் பாருங்கள். பதில் வருமுன் கைதட்டல் வந்துவிடும். செய்யமாட்டாள் என்பது அங்கே முன்பே எழுதி வைக்கப்பட்ட தீர்ப்பு. நம் நாடகங்களும் திரைப்படங்களும் அந்தத் தீர்ப்பைத்தான் படியெடுத்து வருகின்றன. மூலக் கதையில் ஒரு தாய் தவறியிருந்தால், அதைத் தழுவி எழுதுகிறவர் முதல் வேலையாக அவள் முகத்தைத் துடைத்து, கண்ணில் நீரை நிரப்பிவிடுகிறார். இது தாய்மைக்குச் செய்யும் மரியாதை என்று பலர் கருதுகிறார்கள். பிள்ளைகளுக்குச் செய்யும் அநீதி என்று நான் கருதுகிறேன்.

வேதியியல் மாணவனுக்கு இலக்கியத்தில் என்ன வேலை என்று தமிழ்த்துறைப் பேராசிரியர்கள் கேட்கலாம். வாலாஜாபாத், உத்திரமேரூர் பக்கத்துக் கிராமங்களில் பாரதம் படிக்கப் பட்டம் தேவையில்லை. திரௌபதி அம்மன் கோயிலில் அக்னி வசந்த விழா தொடங்கிவிட்டால் பகலில் பிரசங்கம், இரவில் கூத்து. எழுத்தறியாத என் பாட்டி கர்ணனின் கதையை முன்னும் பின்னும் சொல்லுவார். எனவே எனக்குத் தெரிந்த அந்தக் கதையையே எடுத்துக்கொள்கிறேன்.

வியாச பாரதத்தில் குந்தி எப்படி இருக்கிறாள்? ஆயுதப் பயிற்சி அரங்கேற்றத்தில் கவச குண்டலத்தைக் கண்டு தன் மகனை அடையாளம் தெரிந்துகொள்கிறாள். மயங்கி விழுகிறாள். ஆனால் "உன் குலம் என்ன?" என்று சபை நடுவே அவனைக் கேட்கும்போது அவள் வாய் திறக்கவில்லை. பிறகு எத்தனையோ ஆண்டுகள். போர் வந்துவிட்டது என்று உறுதியான பின்புதான் கர்ணனைத் தேடிக் கங்கைக் கரைக்குப் போகிறாள். போகும்படி அவளை யாரும் ஏவவில்லை, யோசனை அவளுடையதே. நடுப்பகல் வெயிலில், அவன் சூரிய வழிபாடு முடியும்வரை, அவனுடைய மேலாடையின் நிழலில் வாடிய மாலையைப் போல நிற்கிறாள். அந்த ஒரு நிழலில் வியாசர் அவள்மீது நமக்கு இரக்கத்தை உண்டாக்கிவிடுகிறார். ஆனால் இரக்கத்தோடு நிறுத்தவில்லை. கர்ணனைப் பேச விடுகிறார். எதிரிகூட எனக்கு இவ்வளவு கேடு செய்திருக்க முடியாது. தாயாக நடக்க வேண்டிய காலத்தில் நடக்காமல், இன்று உன் நன்மைக்காக வந்திருக்கிறாய் என்று அவன் முகத்துக்கு நேராகச் சொல்கிறான். அர்ச்சுனன் நீங்கலாக மற்ற நால்வரைக் கொல்வதில்லை, எப்படியும் உனக்கு ஐந்து மக்கள் இருப்பார்கள் என்று கணக்கும் சொல்லி அனுப்புகிறான். கர்ணன் மாண்ட பிறகு நீர்க்கடன் செலுத்தும் வேளையில்தான் அவள் பாண்டவரிடம் உண்மையை வெளியிடுகிறாள். தருமன் மனம் நொந்து, பெண்களால் இனி இரகசியம் காக்க இயலாது போகட்டும் என்றே சபித்துவிடுகிறான். தன் தாய்மீது கொண்ட கோபத்தை உலகத்துப் பெண்கள் எல்லாருடைய தலையிலும் இறக்கி வைத்தது தருமனுக்கு அழகா என்பது வேறு வழக்கு!

இனி வில்லிபுத்தூராருக்கு வருவோம். தமிழ்நாட்டுக் கர்ணன் பெரும்பாலும் அவர் தந்த கர்ணன். அவருடைய பாரதத்தில் குந்தியை அனுப்புகிறவன் கண்ணன். நாகாத்திரத்தை ஒரு முறைக்குமேல் விடலாகாது என்ற வரத்தைக் கேட்கச் சொல்வதும் அவன். அவள் தாய்தான் என்பதற்குத் தெய்வீக ஆடை சான்று. சுரக்கும் பால் சான்று. கர்ணன் வீழ்ந்ததும் களத்துக்கே ஓடிவந்து அவனை மடியில் ஏந்துகிறாள். கதை எவ்வளவு உருக்கமாகிவிட்டது பாருங்கள்! கூடவே, கணக்குப் போட்ட பழி கண்ணனிடம் போய்விட்டது. குந்தியிடம் எஞ்சியது கண்ணீர் மட்டும். (கைகேயிக்குக் கம்பர் செய்ததும் இத்தகையதே. தேவர்களின் மாயையால் அவளுடைய தூய மனம் திரிந்தது என்று சொல்லிவிட்டால், பரதன் தாயைப் பழிக்கும் பழியில் பாதி வலுவிழந்து போகிறது.) இவர்கள் பெரும் புலவர்கள். பக்தியின் நோக்கில் பாடியவர்கள். அவர்களைக் குறை சொல்லும் தகுதி எனக்கில்லை. மாற்றம் எங்கே நிகழ்ந்தது என்று காட்டுவதுதான் என் வேலை.

பி. ஆர். பந்துலுவின் 'கர்ணன்' 1964இல் வந்தது. சிவாஜி கணேசன் கர்ணன், எம். வி. ராஜம்மா குந்தி. 2012இல் புதுப்பித்து வெளியிட்டபோதும் திரையரங்குகள் நிறைந்தன. அந்தப் படம் வில்லியின் வழியையே பெரிதும் பின்பற்றிக் குந்தியைப் போர்க்களத்துக்குக் கொண்டுவந்து மகனை மடியில் கிடத்துகிறது. கர்ணனின் கேள்வி எழாமலில்லை; ஆனால் அது அவன் தொண்டையிலேயே கண்ணீராகக் கரைந்துவிடுகிறது. 1991இல் மணிரத்னத்தின் 'தளபதி' இன்னும் ஓர் அடி முன்னே போயிற்று. அங்கே தாய் பதினான்கு வயதுச் சிறுமி. போகியன்று சரக்கு ரயிலில் குழந்தையை விட்டவள். அத்தனை சிறிய பெண்ணை யார் பழிப்பார்கள்? வளர்ந்து ஸ்ரீவித்யாவாக வரும்போது, ரயிலின் கூவல் கேட்டாலே கலங்குகிறாள். ஏன் எறிந்தாய் என்று கேட்கத் துடித்த மகன், அவள் எதிரே வந்து நின்றதும் கேள்வியை மறந்துவிடுகிறான். இறுதியில் கர்ணன் சாகவும் இல்லை; தாய் அவனோடே தங்கிவிடுகிறாள். நன்றாக எடுக்கப்பட்ட படம்தான். ஆனால் வியாசரின் கங்கைக் கரையிலிருந்து எவ்வளவு தூரம் வந்துவிட்டோம்!

குந்தி மட்டும் என்ன செய்வாள், மணமாகாத பெண், ஊருக்கு அஞ்சினாள் என்று என் தோழர்கள் வாதிடுகிறார்கள். ஒப்புக்கொள்கிறேன். அவளுக்காக இரங்குவது வேறு. இரங்குவதற்காகப் பிள்ளையின் வாயை மூடுவது வேறு. நம் பகுதிக் கூத்தில் 'கர்ண மோட்சம்' ஆடும் இரவில், குலத்தைச் சொல்லிக் கர்ணனை இகழ்ந்து தர்க்கம் செய்கிறவள் மனைவி பொன்னுருவி. சபையார் அவளைத் திட்டித் தீர்க்கிறார்கள். அந்தக் குலக் குறையை அவனுக்குத் தந்தவள் யார் என்று ஒருவரும் கேட்பதில்லை. வீட்டிலும் இப்படித்தானே? தாயிடம் கேட்க வேண்டிய கேள்விக்கு மருமகள்தானே பெரும்பாலும் பதில் சொல்லுகிறாள்?

சென்ற பொங்கலுக்கு எங்கள் வீட்டுத் தொலைக்காட்சியில் 'கர்ணன்' ஓடியது. களத்துக் காட்சியில் அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அக்காள் எழுந்தாள். "செத்தப்புறம் மடியில போட்டுக்கினா ஆச்சா?" என்று சொல்லிவிட்டுப் பாத்திரம் துலக்கப் போய்விட்டாள். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அக்காள் பத்தாம் வகுப்பில் என்னைவிட அதிக மதிப்பெண் வாங்கியவள். இரண்டு பேரைப் படிக்கவைக்க வசதி இல்லை என்று அவளை நிறுத்தியவர் அம்மா; அப்பா தயங்கியபோதும் அம்மாதான் பிடிவாதமாக இருந்தார். அவள் இப்போது விடியற்காலையில் ஒரகடம் பக்கம் போகும் கம்பெனி வேனில் ஏறுகிறாள். அம்மா கொடியவர் அல்லர். நெல் அறுப்புக்கும் நூறு நாள் வேலைக்கும் போய் எங்களை வளர்த்தவர். ஆனால் அவர் ஒரு பிள்ளைக்கு அநியாயம் செய்தார் என்பதும் உண்மை. இவ்விரண்டையும் சேர்த்துச் சொல்ல எங்களுக்கு ஒரு கதை இல்லை. இருக்கிற கதையெல்லாம் அழச் சொல்லுகிறது.

அப்படி ஒரு கதையை எழுதத் துணிந்தவர் ஜெயகாந்தன். 1966இல் அவர் 'அக்கினிப் பிரவேசம்' எழுதினார். மழை நாளில் முன்பின் அறியாதவனின் காரில் ஏறிக் கெட்டு வந்த மகளின் தலையில் நீரை ஊற்றி, நீ தூயவள் என்று தேற்றுகிறாள் தாய். எத்தனையோ கண்டனங்களுக்கு ஆளான கதை. பின்பு அவரே, அந்தத் தாய் அப்படிச் செய்யாதிருந்தால் என்று எண்ணி 'சில நேரங்களில் சில மனிதர்கள்' எழுதினார். இதில் தாய் அலறிக் கூச்சலிடுகிறாள், ஊர் அறிகிறது, மகள் கங்காவின் வாழ்வு திசை மாறுகிறது. 1972இல் சாகித்திய அக்காதெமி பரிசு பெற்ற நாவல் இது. 1977இல் பீம்சிங் படமாக்கியபோது திரைக்கதை வசனத்தை ஜெயகாந்தனே எழுதியதால்தானோ என்னவோ, கனகம் என்ற அந்தத் தாய்க்கு யாரும் வெள்ளையடிக்கவில்லை. எல்லாரும் தாயை மென்மையாக்கும் ஊரில், தாம் படைத்த மென்மையான தாயையே கடினமாக்கிப் பார்த்தவர் அவர். நாவலில் கங்கா அந்தப் பழைய கதையைப் பத்திரிகையில் படிக்கிறாள். தன் தாயையும் படிக்கச் செய்கிறாள். தேற்றிய தாயின் கதை, தேற்றாத தாயின் கையில்! அதன் பிறகும் இருவரும் ஒரே வீட்டில்தான் வாழ்கிறார்கள்.

நம் கல்லூரி விழாவில் கர்ணன் நாடகம் போடும் எண்ணம் யாருக்கேனும் இருந்தால் எனக்கொரு விண்ணப்பம் உண்டு. போர்க்களக் காட்சி வேண்டாம், மடி வேண்டாம். கங்கைக் கரை, நடுப்பகல், ஒரு மேலாடை, இரண்டு பேர் போதும். கர்ணன் கேட்டு முடிக்கும்வரை குந்தி அழக்கூடாது. கர்ணனாக நடிக்கப் பத்துப் பேர் போட்டி போடுவார்கள். குந்தியாக நடிக்க யார் முன்வருவார்கள் என்பதுதான் தெரியவில்லை.