தடைக்காலத்தில் ஒரு வகுப்பு: பொது நூலக இயக்குநருக்குத் திறந்த மடல்





ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் சென்னைக் காசிமேட்டில் விசைப்படகுகள் வரிசையாகக் கட்டிக் கிடக்கும். மீன்பிடித் தடைக்காலம். வலையைச் சீர்செய்வது, இன்ஜினைப் பிரித்து மாட்டுவது, படகுக்குப் பெயின்ட் அடிப்பது என்று கரையில் வேலை இருந்தாலும், கடலுக்குப் போகிற நாட்களில் கிடைக்காத ஓய்வு அப்போது கொஞ்சம் கிடைக்கும். அரசு தரும் 8,000 ரூபாய் தடைக்கால நிவாரணம் கணக்கில் ஏறிவிட்டதா என்று செல்போனைப் பிள்ளைகளிடம் நீட்டிக் கேட்பதும் அந்த நாட்களில்தான். அந்த இரண்டு மாதத்தை நூலகத் துறை பயன்படுத்திக்கொள்ள வேண்டும் என்று கேட்கவே இந்த மடல்.

2021 ஆகஸ்டில் தொடங்கிய இ-ஷ்ரம் பதிவு, அமைப்புசாராத் தொழிலாளர் நல வாரியப் பதிவு, அதைப் புதுப்பிப்பது, படகுப் பதிவு, கரண்ட் பில், சாதிச் சான்று என எல்லாம் இணையத்துக்குப் போய்விட்டன. ராயபுரம் முதல் எண்ணூர் வரை கூலி வேலைக்குப் போகிறவர்கள் இவற்றுக்காக பிரவுசிங் சென்டர் வாசலில் நிற்கிறார்கள். காசு போவது ஒரு பக்கம். ஓடிபியை வாய்விட்டுச் சொல்லி, ஆதார் நகலையும் பாஸ்வேர்டையும் கடையிலேயே விட்டுவிட்டு வருவது அதைவிடப் பெரிய ஆபத்து. பணம் பறிபோனால் 1930 என்ற எண்ணுக்கு உடனே போன் செய்ய வேண்டும் என்பது இவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

வடசென்னைக்கு அரசு எதுவும் செய்யவில்லை என்று சொல்ல முடியாது. 2024 நவம்பரில் கொளத்தூரில் முதல்வர் படைப்பகம் திறக்கப்பட்டது. போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்களுக்கும் மடிக்கணினியோடு வேலை செய்கிறவர்களுக்கும் அது நல்ல இடம். ஆனால் கணினியை ஏற்கெனவே அறிந்தவர்களுக்கான இடம் அது. மவுஸை ஒரு முறைகூடத் தொடாத ஐம்பது வயதுப் பெண் அங்கே போய் என்ன செய்வார்? அவருக்குத் தேவை பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித்தரும் ஒரு ஆள். நூலகங்களுக்குக் கணினி வாங்குவதைப் பற்றி நிறையப் பேசுகிறோம், சொல்லித்தருபவரைப் பற்றிப் பேசுவதே இல்லை.

முதல் வகுப்பு எப்படி இருக்கும் என்று கற்றுக்கொடுத்தவர்களுக்குத் தெரியும். மேசையின் ஓரம் வந்ததும் மவுஸ் அப்படியே நின்றுவிடும். அதைத் தூக்கி நடுவில் வைத்து மறுபடி நகர்த்தலாம் என்பதே கற்றுக்கொள்ள வேண்டிய ஒன்று. அந்த இடத்தில் ஆங்கில விசைப்பலகையைக் காட்டினால் பாதிப்பேர் மறுநாள் வர மாட்டார்கள். தமிழில் தொடங்க வேண்டும். 1999இல் அரசு ஏற்றுக்கொண்ட தமிழ்99 விசைப்பலகை அதற்கு நம் கையிலேயே இருக்கிறது: உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கம், மெய்க்கான விசைகள் பெரும்பாலும் வலக்கைப் பக்கம். அ, ம, ம, ஆ என்று நான்கு விசை தட்டினால் ‘அம்மா’ வந்துவிடும், நடுவில் புள்ளி தானாகவே விழும். பள்ளிக்கூடத்தில் ஐந்தாவதோடு நின்றவர்கூட ஒரு வாரத்தில் தன் பெயரையும் தெருப் பெயரையும் அடித்துவிடலாம்.

கேரளத்தில் செய்து காட்டியிருக்கிறார்கள். திருவனந்தபுரம் மாவட்டத்துப் புல்லம்பாறை ஊராட்சியில், நூறு நாள் வேலைக்காரர்கள் கூலி வந்ததா என்று பார்க்க வங்கி வரிசையில் நின்று ஒரு நாள் கூலியை இழப்பதைக் கவனித்தவர்கள் அங்கிருந்து தொடங்கினார்கள். வேலை நடக்கும் இடத்துக்கும் குடும்பஸ்ரீ மகளிர் குழுக் கூட்டங்களுக்கும் தன்னார்வலர்கள் நேரில் போய்ச் சொல்லிக்கொடுத்தார்கள். 2022 செப்டம்பரில் அந்த ஊராட்சி முழு டிஜிட்டல் எழுத்தறிவு பெற்றதாக அறிவிக்கப்பட்டது. அதே வழியில் மாநிலம் முழுக்க 21 லட்சத்துக்கும் அதிகமானோர் கற்று முடித்தார்கள். 2025 ஆகஸ்டில் மாநிலத்துக்கே அந்த அறிவிப்பு வந்தது. கற்றவர்களில் நூறு வயதைத் தாண்டியவரும் உண்டு.

இங்கே அதைச் செய்யப் பணமில்லை என்று சொல்லிவிட முடியாது. விடுதலைக்குப் பிறகு இந்தியாவில் முதலில் வந்த பொது நூலகச் சட்டம் 1948இல் சென்னை மாகாணம் போட்ட சட்டம்தான். அதன்படி இன்று சொத்து வரியில் ரூபாய்க்கு 10 பைசா நூலக வரியாகப் போகிறது. திருவொற்றியூரில் ஒற்றை அறையில் வாடகைக்கு இருப்பவரும் வாடகை வழியாக அதைக் கட்டுகிறார். அந்தச் சட்டத்துக்காகப் பாடுபட்ட சீர்காழிக்காரர் எஸ்.ஆர்.ரங்கநாதன், 1931இல் மன்னார்குடி பக்கத்து மேலவாசலில் மாட்டுவண்டி நூலகம் கிளம்பியபோது அதற்குத் துணை நின்றவர். நூலகத்துக்கு வர முடியாதவர்களிடம் நூலகம் போன வரலாறு இந்த மண்ணில் தொண்ணூறு ஆண்டுக்கும் மேலாக இருக்கிறது.

சொல்லித்தர ஆள் தேட வெகுதூரம் போக வேண்டியதில்லை. பழைய வண்ணாரப்பேட்டையில் தியாகராயர் கல்லூரி, பிராட்வேயில் பாரதி மகளிர் கல்லூரி, வியாசர்பாடியில் அம்பேத்கர் அரசு கலைக் கல்லூரி இருக்கின்றன. நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள் வாரம் இரண்டு மாலை தந்தால் போதும். பாடத்திட்டம் வகுக்கத் தமிழ் இணையக் கல்விக்கழகம் இருக்கிறது.

நேரம்தான் முக்கியம். மீன் ஏலம் விடிவதற்கு முன்பே தொடங்கிவிடும் ஊரில் காலை பத்து மணி வகுப்புக்கு ஆள் வராது. மீன் விற்று வீடு திரும்பும் பெண்களுக்குப் பிற்பகல் மூன்று மணியும், ஷிப்ட் முடிந்து வரும் தொழிலாளிக்கு மாலை ஆறரையும் தோதானவை. வெள்ளிக்கிழமை கிளை நூலகங்களுக்கு விடுமுறை. அந்த ஒரு நாள் கூடத்தை வகுப்புக்கென்றே திறந்து, பணிபுரியும் நூலகருக்கு மாற்று விடுப்பும் மதிப்பூதியமும் தரலாம். ஏற்கெனவே பல வேலைகளைத் தூக்கிச் சுமக்கும் நூலகர் தலையில் இதையும் சும்மா ஏற்றிவிடக் கூடாது.

ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் வட்டாரங்களில் வட்டாரத்துக்கு ஒரு நூலகம், நூலகத்துக்கு இருபது பேர், கட்டணம் இல்லை, படிப்புத் தகுதி கேட்கக் கூடாது. வரும் ஏப்ரல் 15ஆம் தேதி முதல் வகுப்பு தொடங்கும்படி உத்தரவிடுங்கள். அறிவிப்பைத் துறையின் இணையதளத்தில் போடுவதோடு நிறுத்தாமல், மீன்பிடித் துறைமுக வாசலிலும் ரேஷன் கடைகளிலும் தமிழில் பெரிய எழுத்தில் ஒட்டச் சொல்லுங்கள்.