பல் வெளுக்கலாம், கூசுவதேன்?



மணப்பெண்ணுக்குச் சேலை, நகை, பூ என்று பார்த்த காலம் போய், இன்று பல்லின் நிறத்தையும் பார்க்கத் தொடங்கிவிட்டோம். பல்லை வெளுக்கச் செய்துகொள்வதில் பெண்கள் நாட்டங் கொள்வது வியப்பன்று; அதைக் குற்றமென்று கூறவும் நான் வரவில்லை. ஆயினும் அண்மையில் எங்கள் வீட்டில் நடந்த ஒன்றைச் சொன்னால் பலருக்குப் பயன்படும் என்பதால் இவ்வாரம் அதையே எழுதுகிறேன்.

என் பெறாமகளுக்கு ஒரு வெள்ளிக்கிழமை கல்யாணம். புதன்கிழமை பிற்பகல், எங்களில் ஒருவரிடமும் கேளாமல், கொழும்பில் ஒரு பல்வைத்திய நிலையத்துக்குச் சென்றாள். பல்லின் மீது மருந்தைப் பூசி, அதன்மேல் நீல ஒளியைப் பாய்ச்சி வெளுக்கச் செய்யும் சிகிச்சை அங்கே நடைபெற்றது. எல்லாம் ஒரு மணி நேரந்தான். வீடு திரும்பியபோது பற்கள் பளிச்சென்றிருந்தன. நாங்களும் மெச்சினோம்.

இரவு பத்து மணிக்கு மேல் வேதனை தொடங்கியது. "மின்சாரம் பாய்ந்தாற்போல் ஒரு பல்லிலிருந்து மறு பல்லுக்கு வெட்டி இழுக்கிறது, சின்னம்மா. மூச்சை வாயால் இழுக்கவும் முடியவில்லை" என்று அழுதாள். தமக்கையார் கிராம்பெண்ணெய் தேடினார். வந்திருந்த உறவினர் ஒருவர் ஐஸ்கட்டியை வைக்கச் சொன்னார்; அது பல்லிற் பட்டதும் பிள்ளை துடித்துப் போனாள். வேதனையிலும் பெரிதாக அவளை வாட்டியது பயம். "நல்ல பல்லை நானே கெடுத்துக்கொண்டேன். இனி ஆயுள் முழுவதும் இப்படித்தானோ?" என்று விடியும்வரை கேட்டுக்கொண்டேயிருந்தாள்.

காலையில், எங்கள் குடும்பத்துக்கு நெடுநாள் பழக்கமான பல்வைத்தியரைத் தொலைபேசியில் அழைத்தேன். அவர் பொறுமையாகச் சொன்ன விளக்கத்தை இங்கே தருகிறேன்.

பல்லை நாம் கல்லைப் போல் எண்ணுகிறோம். அது உயிருள்ள உறுப்பு. வெளியே மிளிரி எனப்படும் எனாமல் உறை. அதன் கீழே பன்முதல். நடுவே நரம்பும் இரத்தக் குழாய்களும் நிறைந்த மச்சை. பன்முதலில் கண்ணுக்குத் தெரியாத நுண்குழாய்கள் ஆயிரக்கணக்கில் உள்ளன. அவற்றுள் திரவம் நிறைந்திருக்கிறது. குளிரோ காற்றோ பட்டதும் அத்திரவம் அசைந்து நரம்பைத் தூண்டுகிறது. அதுவே கூச்சம். சுவீடன் நாட்டு அறிஞர் மார்ட்டின் பிரான்ஸ்ட்ரோம் 1960களில் தம் ஆராய்ச்சிகளால் நிலைநாட்டிய இக்கருத்தே இன்றும் பெரும்பாலும் ஏற்கப்படுகிறது.

வெளுப்பதற்குப் பூசும் மருந்து ஐதரசன் பேரொட்சைட்டு. பல்வைத்திய நிலையங்களிற் பயன்படுவது பெரும்பாலும் 25 முதல் 40 சதவீத வலிமையுடையது. இது பல்லைச் சுரண்டி வெளுப்பதில்லை. மிளிரியினூடே ஊறிச் சென்று, உள்ளே படிந்த நிறப் பொருட்களைச் சிதைக்கிறது. மிக நுண்ணிய மூலக்கூறாதலால் சில நிமிடங்களிலேயே மச்சைவரை சென்று விடுகிறது. அங்கே நரம்பு சினங்கொள்வதுதான் அந்த வெட்டு வலி. பெரும்பாலானோருக்கு இது முதல் 24 மணி நேரத்தில் உச்சமடைந்து, இரண்டு மூன்று நாட்களிலே தணிந்துவிடும். "பிள்ளையின் பல் கெட்டுப்போகவில்லை, கோபித்துக்கொண்டிருக்கிறது என்று சொல்லுங்கள்" என்றார் வைத்தியர்.

அப்படியாயின் அந்த நீல ஒளி எதற்கு? ஒளிதான் பல்லை வெளுக்கிறது என்று பலரும் நம்புகிறோம். உண்மையில் வெளுப்பது மருந்தே. வலிமையான மருந்துடன் ஒளியைச் சேர்த்தும் சேர்க்காமலும் செய்து பார்த்த ஆய்வுகளைத் தொகுத்து நோக்கியவர்கள், நிலைத்த நிறத்திற் பெரிய வேறுபாடு காணவில்லை. கூச்சம் மட்டும் ஒளி பட்டவர்களிடம் கூடுதலாயிருக்கக் கண்டனர். சில விளக்குகள் பல்லைச் சூடாக்கவுஞ் செய்யும். 1965ஆம் ஆண்டு சாக், கோகன் என்னும் இருவர் குரங்குகளின் பற்களைச் சோதித்து, மச்சையின் வெப்பம் 5.5 பாகை செல்சியஸ் உயர்ந்தபோது 15 சதவீதமான பற்களில் மச்சை இறந்துபோனதை வெளியிட்டனர். இக்கால விளக்குகள் பழையவற்றைவிடச் சூடு குறைந்தவை; எனினும் சூட்டை அலட்சியம் செய்தலாகாது. இன்னுமொன்று: சிகிச்சை முடிந்தவுடன் தோன்றும் பளபளப்பில் ஒரு பங்கு, பல் உலர்ந்துபோனதால் வருவது. ஓரிரு நாளில் ஈரம் ஊறியதும் நிறம் சற்று இறங்கும். அது ஏமாற்றமன்று, இயல்பு.

பெறாமகளுக்கு அவர் சொன்ன பரிகாரம் எளியது. குளிர்ந்தது, கொதிப்பது, புளிப்பானது மூன்றையும் விலக்குதல். இளஞ்சூட்டு நீரையே அருந்துதல். மென்மையான தூரிகையால் மெல்லத் தேய்த்தல். நம்மவர் வெடியுப்பு என்று சொல்லும் பொற்றாசியம் நைத்திரேற்று 5 சதவீதம் சேர்ந்த கூச்சப் பற்பசையை விரலாற் பல்லில் தடவிச் சிறிது நேரம் விட்டுவைத்தல். தாங்க முடியாதபோது அளவறிந்து பரசிற்றமோல். வெள்ளிக்கிழமை காலையில் வலி பாதியாகக் குறைந்திருந்தது. பாலும் பழமும் கொடுத்தபோது, பாலை இளஞ்சூடாக்கிக் கொடுத்தோம்.

கதை இத்துடன் முடிந்திருந்தால் நான் எழுதியிருக்கமாட்டேன். ஒரு வாரம் கடந்தது. மற்றப் பற்கள் யாவும் அமைதியடைந்தன. மேல்வரிசையில் ஒரு பல் மட்டும் அடங்கவில்லை. சூடாக எதையேனும் குடித்தால் வலி வந்து, நெடுநேரம் நின்றது. நம் வைத்தியர் படம் எடுத்துப் பார்த்தபோது, இரு பற்களுக்கிடையே ஒளிந்திருந்த சொத்தை தெரிந்தது. சொத்தையினூடே மருந்து தடையின்றி உள்ளே இறங்கியிருக்கிறது. நல்லவேளையாக அடைப்பு வைத்துப் பல்லைக் காப்பாற்ற முடிந்தது. வெளுக்க முன்னர் ஒருவர் சரிவரச் சோதித்திருந்தால், அந்தப் புதன்கிழமை இரவே வேறாக இருந்திருக்கும் அன்றோ!

ஆகவே சகோதரிகளே, பல்லை வெளுக்க விரும்பினால் சிலவற்றை மறவாதீர்கள். முதலில் இலங்கை வைத்திய சபையிற் பதிவுபெற்ற பல்வைத்தியரிடம் சொத்தை, வெடிப்பு, ஈறு விலகல் உண்டா என்று பார்ப்பியுங்கள். அழகு நிலையத்தில் இதைச் செய்விக்க வேண்டாம். தேநீராலும் வெற்றிலையாலும் ஏறிய கறையாயின், பல்லைச் சுத்தஞ் செய்வித்தாலே பெரும்பகுதி போய்விடும். அடைப்பும் பொய்ப்பல்லும் வெளுப்பதில்லை. அவை தனித்துத் தெரியும். கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் இதைப் பிற்போடுவது நலம். பதினெட்டு வயதுக்குட்பட்டோருக்கு வேண்டாம். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2011ஆம் ஆண்டு விதியும் அவர்களுக்கு இதனைத் தடுக்கிறது. அவ்விதி 6 சதவீதத்துக்கு மேற்பட்ட பேரொட்சைட்டை அழகுப் பொருளாகப் பயன்படுத்தவும் இடந்தருவதில்லை.

இயல்பாகவே பல் கூசுகிறவர்கள், முன்கூட்டியே இரண்டு வாரம் கூச்சப் பற்பசையைப் பயன்படுத்துங்கள். அவசரமில்லாதவர்களுக்கு மெதுவான வழியும் உண்டு. 1989ஆம் ஆண்டு ஹேவுட், ஹேமன் என்னும் அமெரிக்கப் பல்வைத்தியர் இருவர் விவரித்த முறை அது. பல்லின் அச்சுக்கேற்ற மெல்லிய உறையில் 10 சதவீத காபமைட்டு பேரொட்சைட்டை இட்டு இரவில் அணிவது. அதன் வலிமை ஏறத்தாழ 3.5 சதவீத ஐதரசன் பேரொட்சைட்டுக்குச் சமம். சில வாரங்கள் செல்லும். கூச்சம் வந்தாலும் ஓரிரவு நிறுத்திவைக்கலாம். எம்முறையாயினும், கல்யாணத்துக்கு ஒரு மாதம் முன்னரே முடித்துவிடுங்கள். வலி ஒரு வாரத்துக்கு மேல் நீடித்தாலும், ஒரே பல்லில் நின்றாலும், சூட்டுக்கு வந்து ஆறாதிருந்தாலும், தாமதியாது வைத்தியரிடம் செல்லுங்கள்.

சென்ற வாரம் கல்யாணப் படங்கள் வந்து சேர்ந்தன. எல்லாப் படத்திலும் பெறாமகள் வாயை மூடியே சிரித்திருக்கிறாள். காற்றுப் பட்டாலும் கூசும் என்ற பயந்தான். வெளுத்த பல்லைக் காட்டும் படம் ஒன்றுகூட இல்லை. "பரவாயில்லை, சின்னம்மா, இனி வாழ்நாள் முழுவதும் சிரிக்கலாமே" என்றாள். அந்தச் சொல்லுக்காகவே, அந்த இரவில் அவள் பட்ட பாடு உங்கள் பிள்ளைகளுக்கு வராதிருக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.