900 கிலோமீட்டருக்கு என்ன கூலி?

ஔந்தில் வேலை பார்க்கும் ஒரு குமாஸ்தாவுக்கு, ஊரில் தந்தை காலமான செய்தி இரவில் வருகிறது. அடக்கத்துக்குள் போய்ச் சேர முடியுமா என்பதே அவருடைய முதல் கேள்வி. டிக்கெட் என்ன விலை என்பது இரண்டாவது கேள்வி. முதல் கேள்விக்கு விடை இந்த இரண்டாவதில்தான் அடங்கியிருக்கிறது.

புனே லோகெகாவ் விமான நிலையத்திலிருந்து சென்னை மீனம்பாக்கம், வான்வழியில் சுமார் 910 கிலோமீட்டர். மணிக்கு 800 கிலோமீட்டர் பறக்கும் ஜெட் விமானத்துக்கு இது ஒரு மணி சொச்சம்தான். ஏற, இறங்க, தரையில் ஊர்ந்து செல்ல ஆகும் நேரமும் சேர்ந்து ஒன்றேமுக்கால் மணி அளவில் ஆகிவிடுகிறது. ஔந்திலிருந்து லோகெகாவ் போவதையும் அங்கே காத்திருப்பதையும் கூட்டினால் ஐந்தாறு மணியில் சென்னை சேரலாம். ரயிலிலோ சுமார் 20 மணி ஆகும்.

நெல்லைக்காரர் பாடு இன்னும் சிரமம். நேர் ரயிலில் முப்பது மணிக்கு மேல். அவற்றில் எதுவும் தினசரி வண்டி அல்ல. சென்னை வரை விமானத்தில் போய், 2023 செப்டம்பரில் தொடங்கிய வந்தே பாரத் ரயிலைப் பிடித்தால் மேலும் சுமார் எட்டு மணி. இரண்டும் பொருந்தி வந்தால் பாதி நேரம் மிச்சம். ஆகவே அன்றைய தினம் அவருக்கு விமானம் ஆடம்பரம் அல்ல.

1994-ல் ஏர் கார்ப்பரேஷன் சட்டம் ரத்தான பிறகு கட்டணம் கம்பெனிகளின் கைக்குப் போனது. நெருக்கடி வந்தபோது மட்டும் அரசு குறுக்கிட்டது. 2020 மே மாதம் ஊரடங்குக்குப் பின் விமானங்கள் பறக்கத் தொடங்கியபோது, பயண நேரத்தை அளவாக வைத்தது: 90 முதல் 120 நிமிடத் தடங்களுக்கு ரூ. 3,500 முதல் ரூ. 10,000 வரை. 2022 ஆகஸ்டு இறுதியில் இது நீங்கியது. 2025 டிசம்பரில் இண்டிகோ விமானங்கள் பெருமளவில் ரத்தாகி மற்றக் கட்டணங்கள் ஏறியபோது, தொலைவு அளவாயிற்று: 500 முதல் 1,000 கிலோமீட்டர் வரை ரூ. 12,000, வரியும் நிலையக் கட்டணமும் தனி. புனே–சென்னை இந்த வரம்புக்குள் அடங்கும். நிலைமை சீராகும் வரை என்று சொல்லியே அது விதிக்கப்பட்டது.

நிரந்தர உச்சவரம்பு வைத்தால் விமானங்கள் குறையும், முன்கூட்டியே வாங்குவோருக்குக் கிடைக்கும் மலிவு விலையும் போய்விடும் என்பது கம்பெனிகளின் வாதம். அதில் நியாயம் இல்லாமலில்லை. ஆனால் சாவுச் செய்தி முன்கூட்டி வருவதில்லை. நாட்டுக்கு நெருக்கடி என்றால் அளவுகோலை எடுக்கும் அரசு, ஒரு குடும்பத்தின் நெருக்கடிக்கும் அதை எடுக்கலாம். கடைசி நேரத்தில் வாங்கும் சில இருக்கைகளுக்காவது தொலைவை வைத்து வரம்பு கட்டட்டும். தென்மாவட்டங்களுக்குத் தினசரி ரயில் ஒன்றும் விடட்டும்.

தூரம் மாறுவதில்லை, விலைதான் மணிக்கு மணி மாறுகிறது. கொள்ளி வைக்கப் போகிறவனிடம் அந்த வித்தியாசத்தை வசூலிப்பது முறையல்ல.