ஒரு நீலப் பீப்பாயும் ஒரு காணி உறுதியும்

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் கண்டி மாவட்டத்தை உலுக்கிச் சென்றபோது, மடவளையில் எனது வீட்டின் பின்புறத்து மண்மேடு சரிந்து களஞ்சிய அறைக்குள் சேறு புகுந்தது. நாடெங்கும் 600க்கும் மேற்பட்டோர் மாண்ட அந்நாட்களில், அதிக உயிர்களைப் பறிகொடுத்த மாவட்டம் எமது கண்டி மாவட்டமே. அவ்விழப்புகளின் முன் எனது இழப்பைச் சொல்வதற்கே கூச்சமாக இருக்கிறது. முப்பத்தைந்து ஆண்டுகளாக நான் எழுதியவற்றின் நறுக்குகளை பிஸ்கட் தகரங்களில் இட்டு, அவற்றை ஷொப்பிங் பேக்குகளில் சுற்றி வைத்திருந்தேன். மூன்றாம் நாள் திறந்தபோது உள்ளே இருந்தது கூழ்.

நறுக்குகள் போனால் போகட்டும். அக்குறணையிலுள்ள எனது உறவினர் ஒருவரின் நிலையே என்னை எழுத வைத்தது. பிங்கா ஓயா பெருக்கெடுத்து அக்குறணை நகருக்குள் வருவது புதிய செய்தியன்று. ஆண்டாண்டாய் வெள்ளம் கண்ட அவரும் முக்கிய ஆவணங்களை அலுமாரியின் மேல்தட்டில்தான் வைத்திருந்தார். இம்முறை அலுமாரியே சாய்ந்தது. காணி உறுதி, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்கள், மகளின் உயர்தரப் பெறுபேற்றுச் சான்றிதழ் அனைத்தும் ஒரே சேற்றில் கரைந்தன. பின்னர் நிவாரணத்துக்காக ஏறிய அலுவலகம் ஒன்றில் அவரிடம் முதலில் கேட்கப்பட்டது "மூலப் பிரதி எங்கே?" என்பதாகும். வெள்ளத்தில் போன கடதாசியை வெள்ளத்தால் பாதிக்கப்பட்டதற்குச் சான்றாகக் கேட்பது எந்த ஊர் நியாயமோ!

கனடாவில் வாழும் எனது மருமகன் தொலைபேசியில் இதைக் கேட்டுவிட்டு, "மாமா, நாங்கள் தோணிப் பயணம் போகும்போது சாமான் வைக்கும் பீப்பாய் உங்களுக்கு உதவும்" என்றார். அங்கு அல்கொன்குவின் போன்ற காட்டுப் பூங்காக்களில் ஏரிவிட்டு ஏரி தோணியில் செல்வோர், அரிசி, உடை, உறங்கும் பை முதலியவற்றை 30 லீற்றர் அல்லது 60 லீற்றர் நீலப் பிளாஸ்டிக் பீப்பாய்களில் அடைத்துச் செல்வராம். மூடியின் உட்புறம் றப்பர் வளையம். வெளியே நெம்பி இறுக்கும் இரும்புப் பட்டி. தோணி கவிழ்ந்தாலும் பீப்பாய் மிதக்கும். ஏரிக்கும் ஏரிக்கும் இடைப்பட்ட நிலத்தில் பட்டி மாட்டி முதுகில் சுமந்தும் செல்லலாம்.

எனது கருத்து இதுதான்: ஆற்றோரத்திலும் மலைச்சரிவிலும் வாழும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் இத்தகைய ஒரு பீப்பாய் வேண்டும். அதுவும் 30 லீற்றர் பீப்பாயே வேண்டும். பெரியதைத் தூக்கிக்கொண்டு ஓட இயலாது. வெள்ளத்தில் மிதக்கும் பீப்பாய் மண்சரிவில் புதைந்துதான் போகும். ஆகவே சரிவில் இருப்போருக்கு மூடியின் இறுக்கத்தைவிடச் சுமக்கக்கூடிய எடையே முக்கியம். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் எச்சரிக்கையில் மஞ்சள் என்றால் விழிப்பு, செம்மஞ்சள் என்றால் ஆயத்தம், சிவப்பு என்றால் வெளியேற்றம். மஞ்சளிலேயே பீப்பாய் வாசலருகே வந்துவிட வேண்டும். சிவப்பில் அதைத் தேடி எவரும் உள்ளே ஓடக்கூடாது.

வாங்கும்போது கவனம் தேவை. எமது கடைகளில் மலிவாகக் கிடைக்கும் பழைய பீப்பாய்களில் முன்னர் என்ன இருந்தது என்பதை விற்பவரே அறியார். இரசாயனம் இருந்ததில் அரிசியை வைப்பது ஆபத்து. றப்பர் வளையத்தில் ஒரு மணல் துகள் ஒட்டியிருந்தாலும் நீர் வழி கண்டுபிடித்துவிடும். வளையத்துக்கு வாஸ்லின் பூசுவோரும் உளர். அது றப்பரை ஊதச் செய்து கெடுக்கும். ஈரத்துணியால் துடைத்து உலர விட்டாலே போதும்.

பிறகு சோதனை. வெறும் பீப்பாய்க்குள் ஒரு பழைய பத்திரிகைத் தாளைப் போட்டு, மூடி, தண்ணீர்த் தொட்டியில் கல்லேற்றி ஒரு மணித்தியாலம் அமிழ்த்தி வையுங்கள். ஈரத்தைப் பத்திரிகைத் தாள்போல் காட்டிக்கொடுப்பது வேறில்லை. தொழில் அனுபவத்தில் சொல்கிறேன். 30 லீற்றர் பீப்பாயை அமிழ்த்த ஏறத்தாழ 30 கிலோ பாரம் வேண்டும். அதாவது உள்ளடக்கத்துடன் சேர்ந்த மொத்த எடை 30 கிலோவுக்குக் குறைவாயின் அது மிதக்கும்.

மூடியை மட்டும் நம்புவது பேதைமை. உள்ளே தடித்த பொலித்தீன் பை ஒன்றை விரித்து, ஆவணங்களை அதற்குள் தனித்தனி உறைகளில் இட்டு, பையின் வாயை முறுக்கி மடித்துக் கட்ட வேண்டும். மழை நாளில் அடைத்தால் ஈரக்காற்றையும் சேர்த்தே அடைக்கிறோம்; வெயில் நாளில் அடையுங்கள். புதுச் சப்பாத்துப் பெட்டியில் வரும் ஈரமுறிஞ்சிப் பொட்டலங்கள் இரண்டைப் போடலாம், அவை பழையவை அல்லவெனில்.

"எல்லாவற்றையும் கைபேசியில் படமெடுத்து வைத்தால் போதாதா?" என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். எடுத்து வையுங்கள், நல்லதுதான். ஆனால் டித்வாவின்போது மின்சாரமும் தொலைபேசியும் அடங்கிய நாட்களை மறந்துவிட்டார்களா? உறுதியின் பிரதி காணிப் பதிவகத்திலும் உண்டு, நொத்தாரிசு அனுப்பியிருப்பார். பரீட்சைத் திணைக்களத்திலும் சான்றிதழைப் பெறலாம். அவ்வாறிருக்க, வீடிழந்தவனைக் கண்டி நகரெங்கும் அலையவிடாமல், இப்பிரதிகளை நிவாரண முகாமுக்கே கொண்டுவந்து கொடுக்க அரசாங்கம் ஏன் ஏற்பாடு செய்யக்கூடாது? அது நடக்கும்வரை பீப்பாய் எமது பொறுப்பு.

எனது பீப்பாய் இப்போது முன்னறையில், வாசலுக்குப் பக்கத்தில் நிற்கிறது. வீட்டில் அதன்மேல் பூச்சாடி வைக்கப் பார்த்தார்கள், நான் விடவில்லை. உள்ளே உறுதி, சான்றிதழ்கள், இரண்டு கிலோ அரிசி, ஒரு டோர்ச், கூழாகாமல் தப்பிய பதினொரு நறுக்குகள். அக்குறணை உறவினருக்கும் ஒன்று வாங்கியிருக்கிறேன். அதில் வைக்க அவரிடம் இன்னும் உறுதி இல்லை.